வேலைக்காரியும் ரவுடியும்: மலையாளத் திரையில் எல்லைத் தமிழர்

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மலையாள அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனால், எதிலாவது ஒன்றில் தொண்ணூறுகளின் நகைச்சுவைப் படம் ஓடிக்கொண்டிருக்கும். 1993-இல் வந்த ஆசியாநெட் தொடங்கி, பின்னால் வந்த சூர்யா, கைரளி வரை எல்லாருக்கும் பழைய படம்தான் பாதிப் பிழைப்பு. கொட்டகையில் நூறு நாள் ஓடிய படம் தொலைக்காட்சியில் முப்பது வருடமாக ஓடுகிறது. எனவே கேரளத் தொலைக்காட்சி தமிழரை எப்படிக் காட்டுகிறது என்று பார்க்கப் புகுந்தால், தொடரும் செய்தியும் மட்டும் போதாது. திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகும் சினிமாவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் சில முகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. வீட்டு வேலைக்கு வந்த பெண். அரிவாளும் மீசையுமாக ஒரு கிராமத்துப் பெரியதனக்காரர். விபூதிப் பட்டை போட்ட, கஞ்சத்தனம் மிகுந்த பாலக்காட்டுச் சாமி. நகைச்சுவைத் துணுக்குகளில் வரும் 'அண்ணாச்சி'. கோபம் வந்தால் 'பாண்டி'. கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. அவர்களில் பெரும்பங்கினர் வாழும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் இந்த முகங்களைத் தேடினால் கிடைக்காது.

முதலில் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஏனென்றால் 'வந்தவர்கள்' என்ற எண்ணத்தில்தான் திரையின் முதல் கோளாறே தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பக்கத்துச் சித்தூர் கொச்சி சமஸ்தானத்துக்கு உட்பட்டது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பொள்ளாச்சிச் சமவெளி அப்படியே நீண்டு போகும் இடத்தில் தமிழ்க் குடியானவன் எந்த மலையையும் தாண்டி வரவில்லை. அவன் இருந்த இடத்தில் இருந்தான், கோட்டைக் கொண்டுவந்து போட்டார்கள். மறையூர், காந்தலூர், வட்டவடைப் பக்கத்து அஞ்சுநாட்டு ஊர்களோ மதுரையிலிருந்து வந்ததாகத் தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்பவை. அந்தக் கதை நடந்த காலத்தில் கேரளம் என்ற மாநிலமே கிடையாது.

தேயிலைத் தோட்டத்துக் கதை வேறு. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றுக்கொண்ட பிறகு, திருநெல்வேலியிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் கங்காணிகள் ஆள் பிடித்து வந்தார்கள். வந்தவர்கள் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் அடைக்கப்பட்டு, ஐந்தாறு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளுகிறார்கள். 1954-இல் தேவிகுளம், பீர்மேட்டைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. ஆகஸ்ட் 11 அன்று தென்திருவிதாங்கூரில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. இரண்டு வருடம் கழித்துக் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு வந்தன. மலை கேரளத்திலேயே நின்றுவிட்டது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெரிய ஒப்புமை இருக்கிறது. 1848-இல் மெக்சிகோ போரில் தோற்று, கலிஃபோர்னியா முதல் நியூ மெக்சிகோ வரை அமெரிக்காவிடம் இழந்தது. அங்கிருந்த ஸ்பானிய மொழிக்காரர்கள் வீட்டை விட்டு நகராமலே வேறு நாட்டில் சிறுபான்மை ஆனார்கள். பின்னால் வயல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் உண்மையாகவே எல்லை தாண்டி வந்தவர்களையும், இவர்களையும் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியது. தோட்டக்காரன், வேலைக்காரி, போதை மருந்துக் கும்பல்காரன், சூடான தலைக்காரி. 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி'யில் கியூபாவிலிருந்து வந்த டெசி ஆர்னாஸ் கதாநாயகனாகவே வந்தார், உண்மைதான். ஆனால் அவர் கோபத்தில் ஸ்பானிய மொழியில் பொரிந்து தள்ளுவதுதான் சிரிப்புக்கான இடம். 'மாடர்ன் ஃபேமிலி'யில் சோஃபியா வெர்காராவின் உச்சரிப்பு 2020 வரைக்கும் அதே வேலையைச் செய்தது.

மலையாளத்துக்கு வருவோம். ராஜசேனன் இயக்கிய 'மேலேப்பறம்பில் ஆண்வீடு' (1993) இன்றும் தொலைக்காட்சியில் தேயாத படம். பொள்ளாச்சிப் பக்கம் வேலைக்குப் போன ஜெயராமுக்கு, ஷோபனா நடித்த பவிழம் என்ற தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள நேர்கிறது. வீட்டில் சொல்ல தைரியமில்லை. வேலைக்காரி என்று சொல்லிக் கூட்டி வந்துவிடுகிறான். படத்தின் சிரிப்பெல்லாம் இந்த ஒளிவுமறைவில் பிறக்கிறது. பொய்யின் வடிவத்தைக் கவனியுங்கள். தமிழ்ப் பெண்ணை அந்த வீட்டில் யாரும் சந்தேகப்படாத இடம் எது என்று திரைக்கதை தேடுகிறது. அடுக்களை என்று கண்டுபிடிக்கிறது. பார்வையாளரும் அதை நம்பத்தக்கதாகவே எடுத்துக்கொள்கிறார். வேலைக்காரியாக நுழைந்து மருமகளாகத் தேறுவதுதான் அவளுக்கு விதிக்கப்பட்ட பாதை. பதின்மூன்று வருடம் கழித்து சத்யன் அந்திக்காட்டின் 'ரசதந்திரம்' (2006) வந்தது. மீரா ஜாஸ்மின் நடித்த கண்மணி, வீட்டு வேலை செய்து வதைபடும் தமிழ்ப் பெண். அங்கிருந்து தப்பிக்க ஆண்பிள்ளை வேஷம் போட்டு மோகன்லாலின் தச்சு வேலைக் குழுவில் சேர்கிறாள். அந்திக்காடு மனிதாபிமானி, அவள் படும் கொடுமையை நேராகவே காட்டினார். ஆனாலும் தமிழ்ப் பெண் கதைக்குள் வரும் வாசல் மாறவில்லை.

இந்தப் படங்கள் கெட்ட எண்ணத்தோடு எடுக்கப்பட்டவை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டும் அன்பான படங்கள். அந்த அன்புக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது என்பதுதான் என் புகார்: உள்ளே வரலாம், மொழியைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வா.

ரவுடி வகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'பாண்டிப்பட' (2005) போன்றவற்றில் தமிழகக் கிராமம் என்பது சாதிச் சண்டையும் அடியாளும் ஜல்லி லாரியும் நிறைந்த ஒரு கேளிக்கைப் பூங்கா. மலையாளி கதாநாயகன் அங்கே போய்த் தன் சாமர்த்தியத்தால் ஜெயித்து வருவான். தமிழ் சினிமாவே அந்தக் காலத்தில் மதுரையை அப்படித்தான் காட்டியது. திருடிய பொருளைத் திருடிவிட்டார்கள் என்று அவர்கள்மேல் வழக்குப் போட நமக்குத் தகுதியில்லை. ஆனால் இதன் வால் செய்தி வரைக்கும் நீளுகிறது. 2024 நவம்பரில் ஆலப்புழைப் பக்கம் சில திருட்டுகள் நடந்தபோது, 'குறுவா சங்கம்' என்ற பெயர் மலையாளச் செய்தி அலைவரிசைகளில் நாள் முழுக்க ஓடியது. முகமூடிக்காரர்களின் கண்காணிப்புக் கேமராக் காட்சி, பின்னணியில் திகில் இசை, தமிழகத்திலிருந்து வந்த திருட்டுச் சமூகம் என்ற விளக்கம். குற்றம் செய்தவன் பிடிபட வேண்டியதுதான். ஒரு சமூகத்தின் பெயரையே குற்றத்தின் பெயராக்கி வாரக் கணக்கில் ஓட்டினால், பாத்திரத்துக்கு ஈயம் பூசவும் பழைய துணி வாங்கவும் தெருவில் வரும் தமிழ்க்காரர் என்ன பாடுபடுவார் என்று அந்தச் செய்தி அறையில் ஒருவராவது யோசித்திருக்க வேண்டும்.

பாலக்காட்டு ஐயர்களுக்கு இந்தக் கணக்கில் தனி இடம். கல்பாத்தித் தேரும் கச்சேரியும் தொலைக்காட்சிக்குப் பிடித்த காட்சிகள். 'வியட்நாம் காலனி'யில் (1992) மோகன்லாலே கிருஷ்ணமூர்த்தி என்ற சாமியாக வந்தார். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம் என்று இருமொழி பேசும் குடும்பத்தை மலையாளத் திரை மனமுவந்து ஏற்றுக்கொண்டது அனேகமாக அக்கிரகாரத்தில் மட்டும்தான். சமையற்காரர், கஞ்சர் என்ற கேலி உண்டு. ஆனாலும் அவர்கள் 'நம்மவர்கள்'. இதே இருமொழி வாழ்க்கையை வாழும் கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்புக்காரருக்கும் மூணாறு லயத்துக் குடும்பத்துக்கும் அந்தச் சலுகை இல்லை. கரைந்தாயா இல்லையா என்ற கேள்வி மொழியை மட்டும் பார்த்துக் கேட்கப்படுவதில்லை. சாதியையும் கூலியையும் பார்த்துத்தான் கேட்கப்படுகிறது.

இத்தனைக்கும் தமிழ்ப் பாட்டுக்கு மலையாளத் தொலைக்காட்சியில் சிவப்புக் கம்பளம். ஆசியாநெட்டின் 'ஸ்டார் சிங்கர்' மேடையில் இளையராஜா பாட்டு இல்லாமல் ஒரு பருவம் முடிந்ததில்லை. விஜய் படத்துக்கு அதிகாலைக் காட்சிக்கு முண்டியடிப்பதில் பாலக்காட்டுக்காரரும் கோவைக்காரரும் அண்ணன் தம்பி. 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபோது, 1991-இன் 'குணா' பாட்டு ஒன்று படத்தின் உயிராகவே நின்றது. தமிழ்நாடு அந்தப் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. ஆனால் அதே படத்தில் உதவி கேட்டு ஓடும் பையன்களைத் தமிழ்ப் போலீஸ்காரர்கள் அடிக்கிறார்கள். பாட்டில் வரும் தமிழ் காதல், ஆளாக வரும் தமிழ் லத்தி.

கதைகளும் தடையில்லாமல் எல்லை தாண்டுகின்றன. விஜய் டிவியின் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' ஆசியாநெட்டில் 'சாந்த்வனம்' ஆனது. ஆசியாநெட்டின் 'கறுத்தமுத்து' இங்கே வந்து 'பாரதி கண்ணம்மா' ஆனது. வாளையாறு சோதனைச்சாவடியில் சரக்கு மாறுவது போலப் பெயரும் புடவைக்கட்டும் சமையலும் மாறுகின்றன. மாறிய பிறகு அந்த வீட்டில் ஒரே மொழி. பாட்டி ஒன்றில் பேச, பேத்தி இன்னொன்றில் பதில் சொல்லும் வீடு இரண்டு பதிப்பிலும் கிடையாது. சித்தூர் வட்டத்தில் அப்படிப்பட்ட வீடுகளை எண்ணி மாளாது. பாட்டி தமிழில் திட்டுவாள், பள்ளியில் மலையாள வகுப்பில் படிக்கும் பேரன் மலையாளத்தில் முணுமுணுப்பான், அப்பா இரண்டையும் கலந்து சமாதானம் செய்வார். எந்தத் தொடர் எழுத்தாளருக்கும் ஐந்நூறு எபிசோடுக்குக் குறையாத சண்டை இதில் இருக்கிறது.

தமிழ்த் தோட்டத் தொழிலாளி செய்தியில் வருவது இரண்டே சமயம்தான்: போராடும்போது, சாகும்போது. மற்ற நாளில் மூணாறு என்றால் பச்சைக் கம்பளம். சுற்றுலா நிகழ்ச்சியில் கொழுந்து கிள்ளும் பெண் தூரத்துப் புள்ளி. 2015 செப்டம்பரில் அந்தப் புள்ளிகள் சாலைக்கு வந்தன. 20 சதவீதப் போனஸ் கேட்டு 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான பெண்கள் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் விடவில்லை. நாளொன்றுக்கு 232 ரூபாய் கூலி என்பது அப்போதுதான் கேரளத்தின் வரவேற்பறைகளுக்குத் தெரிந்தது. கோமதியும் லிசி சன்னியும் இந்திராணியும் மைக்கைப் பிடித்துத் தமிழும் மலையாளமும் கலந்து பேசியதை நாடே நேரலையில் பார்த்தது. எந்தப் பாத்திரத்துக்கும் எழுதித் தரப்படாத வசனம் அது. போனஸ் கிடைத்தது. அடுத்த மாதம் கூலி 301 ரூபாய் ஆனது. கேமரா வண்டிகள் மலை இறங்கின. 2017-இல் ஓர் அமைச்சர் அந்தப் பெண்களைப் பற்றித் தரக்குறைவாகப் பேசியபோதுதான் மறுபடி ஏறின.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. தகவல் வெளியே வந்ததே மறுநாள் காலையில். 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்தில் வேர் உள்ள குடும்பங்கள். 7-ஆம் தேதி இரவு கரிப்பூரில் விமானம் விழுந்தது. செய்தி அங்கே திரும்பியது, அதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் கரிப்பூரில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். முதல்வர் கரிப்பூருக்கு மறுநாளே போனார்; பெட்டிமுடிக்குப் போனது 13-ஆம் தேதி. இந்த ஏற்றத்தாழ்வைச் சில மலையாளப் பத்திரிகையாளர்களே உரக்கக் கேட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

2011-இல் முல்லைப்பெரியாறு அணைத் தகராறு மூண்ட நாட்கள் இதைவிட மோசம். அணை உடைந்தால் எப்படி வெள்ளம் பாயும் என்று வரைகலைப் படம் போட்டுக் காட்டிய அலைவரிசைகளும், இந்தப் பக்கம் மலையாளிக் கடை உடைபட்டதைக் கொண்டாடாத குறையாகக் காட்டிய அலைவரிசைகளும் போட்டி போட்டன. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் தேனி மாவட்டப் பெண்கள். உடும்பன்சோலைப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு மலை இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் சென்னை அலைவரிசைக்கு அன்று மட்டும் 'நம் மக்கள்' ஆனார்கள்.

இங்கே நம் பக்கத்தையும் கேட்டாக வேண்டும். லயத்து வீட்டில் சாயங்காலம் ஓடுவது சன் டிவியும் விஜய் டிவியும்தான். கொச்சியில் இருக்கும் விளம்பரக்காரருக்கு அந்த வீடு மலையாளப் பார்வையாளர் இல்லை. சென்னை விளம்பரக்காரருக்கு அது தமிழ்நாட்டுக் கடைத்தெரு இல்லை. ஆகவே இரண்டு பக்கத்துக் கதையிலும் அவர்களுக்கு இடமில்லை. நம் சினிமா மலையாளியை நடத்திய விதமும் பெருமைப்படும்படி இல்லை. டீக்கடை நாயரும் முண்டு கட்டிய சேச்சியும் நம் கைச்சரக்கு. கேரளத்திலிருந்து வரும் நடிகைகளுக்கு இரவல் குரல் கொடுத்து உச்சரிப்பைத் துடைத்தெடுப்பதும் நாம் செய்யும் கரைப்புதான். பாலக்காடு வடவன்னூரில் வேர் கொண்ட குடும்பத்தின் பிள்ளையை முதலமைச்சராக்கினோம் என்று மார்தட்டலாம். எம்.ஜி.ஆர். தன்னை முழுக்கத் தமிழராக நிறுத்திய பிறகே அது நடந்தது.

பாலக்காட்டு மலைப்பகுதியான அட்டப்பாடி இந்த வாதத்தை இன்னும் சிக்கலாக்குகிறது. அங்கே மலையாளியும் குடியேறி, தமிழரும் குடியேறி. நிலத்துக்குச் சொந்தக்காரரான இருளர்கள் சொந்த மலையிலேயே சிறுபான்மை ஆகிவிட்டார்கள். 'ஐயப்பனும் கோஷியும்' (2020) படத்துக்காக நஞ்சியம்மா இருள மொழியில் பாடிய பாட்டு தேசிய விருது பெற்றது. அந்தக் குரல் தொலைக்காட்சிப் பேட்டிகளில் ஊரெல்லாம் சுற்றியது. அவர்களிடம் போய்த் தமிழரின் மனக்குறையைப் பேசுவதற்குமுன் கொஞ்சம் கூச்சம் வர வேண்டும்.

மலையாளத் திரை மாறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 'கும்பளங்கி நைட்ஸ்'இல் (2019) துணி தேய்க்கும் தமிழன் முருகன், கதையின் சகோதரர்களில் மூத்தவனான சஜியைக் காப்பாற்றப் போய் உயிரை விடுகிறான். அவன் மனைவி சதி கைக்குழந்தையோடு அந்தச் சகோதரர்களின் வீட்டில் ஏறுகிறாள். அந்த வீடே அப்போதுதான் வீடாகிறது. அழகான காட்சி. ஆனால் மலையாளி திருந்துவதற்காகத் தமிழன் சாக வேண்டியிருந்தது.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்' ஒருபடி மேலே போனது. வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் மூவாற்றுப்புழை நாடகக் குழுவின் தலைவர் ஜேம்ஸ், தமிழ்நாட்டு வயல்வெளியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். சோளக்காட்டுக்குள் நடந்து ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். தொழுவத்து மாட்டைக் கவனிக்கிறார். காணாமல் போன சுந்தரமாகவே தமிழ் பேசத் தொடங்குகிறார். கண் தெரியாத அம்மா தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்; பழைய தமிழ்ப் பட வசனம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வந்தவன் குரலைக் கேட்டு அவள் அதிரவில்லை. மம்முட்டி அதில் மொழியை நகைச்சுவைக்கு எடுக்கவில்லை, உடுத்திக்கொண்டார். கேரள அரசின் சிறந்த படம், சிறந்த நடிகர் விருதுகள் சரியான கைக்கே போயின. தமிழன் மலையாளியாகக் கரைவதையே பார்த்துப் பழகிய திரையில், மலையாளி ஒருவன் ஒரு நாளுக்காவது தமிழனாகக் கரைகிறான். ஆனாலும் அந்தத் தமிழன் பழனிப் பக்கத்துக் கிராமத்தான். வாளையாற்றுக்கு மேற்கே உள்ளவன் இன்னும் வரவில்லை.

சட்டமும் கேரளத் தமிழரை 'எப்போது வந்தாய்' என்றே கேட்கிறது. 2021-இல் தேவிகுளம் தொகுதியில் வென்ற ஏ. ராஜா சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். மொழிபெயர்ப்பில் குறை என்று மறுபடியும் எடுக்க நேர்ந்தது. தனித்தொகுதியில் நிற்க அவருக்குத் தகுதி உண்டா என்ற வழக்கில் மதமாற்றக் கேள்வியோடு, குடும்பம் 1950-க்கு முன்பே இங்கே குடியிருந்ததா என்பதும் வாதமானது. 2023-இல் உயர்நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அதைத் தள்ளி அவர் பதவியை உறுதிப்படுத்தியது. தோட்டத்துப் பிள்ளைகளின் சாதிச் சான்றிதழுக்கும் இதே ஆண்டுக் கணக்குதான் குறுக்கே நிற்கிறது. இதைவிடப் பெரிய குடும்பக் கதையை எந்தத் தொடர் எழுத்தாளரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. கிராம அலுவலக வாசலில் நின்றாலே போதும்.

அமெரிக்காவில் 'ஜேன் த வெர்ஜின்' (2014) என்ற தொடரில் பாட்டி ஆல்பா பெரும்பாலும் ஸ்பானிய மொழியிலேயே பேசுவாள். பேத்தி ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். திரையின் கீழே எழுத்து ஓடும். யாரும் அதற்காகச் சிரிக்கவில்லை, யாரும் அலைவரிசையை மாற்றவும் இல்லை. மலையாளிப் பார்வையாளருக்குத் தமிழ் புரியக் கீழே எழுத்துகூடத் தேவைப்படாது. கேரள அரசுப் பணித் தேர்வாணையமே இந்த மக்களுக்காகத் தமிழில் கேள்வித்தாள் தருகிறது. ஓர் அரசு அலுவலகம் ஒப்புக்கொண்டதைத் தொலைக்காட்சி ஒப்புக்கொள்ள என்ன தடை? கொச்சியிலும் சென்னையிலும் இருக்கும் தயாரிப்பாளர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சித்தூரிலும் மூணாற்றிலும் பிறந்து இரு மொழியிலும் எழுதத் தெரிந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கதை கேளுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காமல் எழுதத் தொடங்கிவிடுங்கள்.